மொட்டைக் கடிதத்தில் ஒரு பிழை

‘கேம்’ என்று சரியாக எழுதத் தெரிந்தவனுக்கு ‘வென்ட்’ என்று எழுத ஏன் தெரியவில்லை?

சண்முகவடிவு இரண்டு கடிதங்களையும் மறுபடி பார்த்தாள். அருப்புக்கோட்டைப் பஞ்சு ஆலை ஒன்றில் அவள் டைப்பிஸ்ட். எடை கூடுவதற்காக ஆலை பஞ்சுப் பொதிகளில் தண்ணீர் தெளிப்பதாக, பஞ்சு வாங்கும் பம்பாய் வியாபாரிக்கு யாரோ ஆங்கிலத்தில் மொட்டைக் கடிதம் எழுதியிருந்தார்கள். அவர் அதை ஆலைக்கே திருப்பி அனுப்பியிருந்தார். அதில் பென்சிலில், கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘மண்டே ஒன் மேன் கோ டு கொடவுன் அண்ட் கேம்.’ மற்றது குமாஸ்தா கோட்டைச்சாமியின் லீவுக் கடிதம்: ‘எஸ்டர்டே ஐ கோ டு திருச்சுழி அண்ட் கேம்.’

“ரெண்டும் ஒரே ஆளு எழுதுனதுதான்” என்றார் முதலாளி சுப்புராஜ். “சாயந்தரம் அவனை வேலைய விட்டு அனுப்பிருவேன். லெட்டரை அடிச்சு வையி தாயி.”

திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பியிருந்த அவன் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவன்தான். இருந்தும் அவளுக்கும் சந்தேகம் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்ததும், குமாஸ்தா மேசையில் இருந்த அவன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“பென்சிலை ஏன் ஒளிக்கிற?”

“காலையில இருந்து எல்லாரும் இதையே பாக்கீகளேக்கா. நீங்களுமா?”

“இந்த வரியை எப்பிடி எழுதுன?”

“மொதல்ல மனசுக்குள்ள ‘திருச்சுழிக்குப் போயிட்டு வந்தேன்’னு சொல்லிக்கிருவேன். பெறகு ஒவ்வொரு வார்த்தையா மாத்துவேன்.”

அவள் யோசிப்பதற்குள் சுப்புராஜ் கூப்பிட்டார். பம்பாய்க்குச் சூடாக ஒரு பதில் போக வேண்டும்.

“எழுது. லாஸ்ட் வீக் மை பார்ட்னர் கோ டு பாம்பே அண்ட் கேம்.”

அவள் விரல் நின்றது. அவர் சொல்லும் ஆங்கிலத்தை அவள் எப்போதும் யோசிக்காமலே திருத்தி அடித்துவிடுவாள். இன்று சொன்னபடியே அடித்து நீட்டினாள்.

“என்ன தாயி, நீயும் அவன்கிட்ட இங்கிலீஷு படிக்கியா?”

“இது நீங்க சொன்னது மொதலாளி. எப்பவும் இப்பிடித்தான் சொல்லுவீக.”

சுப்புராஜ் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப மொட்டைக் கடுதாசியும் நான் எழுதுனதுதானா?”

அவள் பீரோவைத் திறந்து பழைய லீவுக் கடிதங்களை மேசையில் பரப்பினாள். வீரசோழனுக்கு, விருதுநகருக்கு, மதுரைக்கு என்று மேலும் நான்கு பேர் ‘கோ’ போட்டுப் போய், ‘கேம்’ போட்டுத் திரும்பியிருந்தார்கள். சுப்புராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சன்னல் வழியே ஆலையில் வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார்.

பணிநீக்கக் கடிதத்துக்காக எடுத்து வைத்திருந்த தாளை அவள் திரும்பக் காகிதக் கட்டில் வைத்துவிட்டு விளக்கினாள்.

இந்த ஊரில் கிளம்பும்போது யாரும் வெறும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை; ‘போயிட்டு வாரேன்’ என்பார்கள். திரும்பியபின் அதுவே ‘போயிட்டு வந்தேன்’. இதில் ‘போயிட்டு’ நேற்றைக்கும் நாளைக்கும் மாறாது. கடைசியில் வரும் ‘வந்தேன்’ ஒன்றே காலத்தைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ‘கோ’, ‘கம்’ இரண்டையும் ‘வென்ட்’, ‘கேம்’ என்று மாற்ற வேண்டும். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, முதல் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார். ஆகவே இந்தப் பிழை எழுதியவரின் தாய்மொழியைக் காட்டும், ஆளைக் காட்டாது.