ஹக்கபியின் கட்டுப் போட்ட கைகள்

"துணியை இழுக்காதீங்க!"

காய்கறிக் கடைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடினாள் தோரா. முட்டைக்கோஸ் கூடை ஒன்று கவிழ்ந்தது. கடைக்காரன் திட்டியது அவள் காதில் ஏறவில்லை.

சந்தைச் சதுக்கத்தில் கல்வெட்டு தயார். மேலே நீலத் துணி. துணிக்குப் பின்னால் ஒரு பெயர்: ரெஜினால்ட் ஹக்கபி. நாற்பது வருடத்துக்கு முன் சந்தை மண்டபம் எரிந்தபோது எரியும் கதவை வெறுங்கையால் பிடுங்கிக் கை வெந்தவர். ஆல்டர்ஸ்டோ ஊரின் வீரர். மாடியில் தூங்கிய ஆட்டு வியாபாரிகள் இருவர் கரிக்கட்டையானார்கள். தீ வைத்ததாக மண்டபக் காவல்காரரைத் தூக்கில் போட்டார்கள்.

அந்தக் காவல்காரர்தான் தோராவின் அப்பா.

கயிற்றைப் பிடித்திருந்த க்ளைவ், ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர், முகத்தைச் சுளித்தார். "ஆரம்பிச்சுட்டியா? சங்கத்துல நீ சேர்ந்ததே அப்பா பேர்ல இருக்கிற கறையைக் கழுவத்தானே?"

"ஆமா சார், அதுக்கேதான். இதைப் பாருங்க."

ஊரறிந்த புகைப்படம்தான், பெரிதாக்கியிருந்தாள். தீ விபத்துக்கு மறுநாள் எடுத்ததென்று ஊர் நம்பிய படம்: இரு கைகளிலும் கட்டுடன், கசாப்புக் கடை வாசலில் ஹக்கபி.

"எங்க வீட்டுக் கழிப்பறையிலகூட இது தொங்குதும்மா!" என்றார் க்ளைவ்.

கூட்டம் சிரித்தது.

"அவரைப் பார்க்காதீங்க. பின்னாடி கடைக் கண்ணாடியைப் பாருங்க. எதிர்ல என்ன தெரியுது?"

க்ளைவ் குனிந்தார். சிரிப்பு அடங்கியது. கண்ணாடியில் சந்தை மண்டபத்தின் மணிக்கூண்டு முழுசாக நின்றிருந்தது. தீ முதலில் தின்றதே அதைத்தான்.

"அப்போ இது மண்டபம் எரியறதுக்கு முன்னாடி எடுத்த படம். கை எப்படி வெந்துச்சு?"

"கெட்டில் கவிழ்ந்திருக்கும். அடுப்புல சுட்டிருக்கும்." க்ளைவின் குரல் மறுபடி தடித்தது. "கை வெந்தா கொலைகாரனா? இன்னொருத்தர் பேரைக் கெடுத்தா உங்கப்பா நல்லவராயிடுவாரா? நகரு."

தோரா படத்தை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். இத்தனை வருடம் தேடியதில் கிடைத்தது இது ஒன்றுதான்.

முன்வரிசையில் முழங்காலைக் கம்பளியால் மூடி உட்கார்ந்திருந்த ஹக்கபியின் விதவை ஐவி, கையை நீட்டிப் படத்தை வாங்கினாள்.

"கயிறை விடு, க்ளைவ்."

"மேடம், நீங்க எதுக்கு இதுல..."

"விடுடா!"

தோராவை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"இந்தக் கட்டைப் போட்டுவிட்டது நான்தாம்மா. முதல் நாள் அவர் மண்டபத்துக்கு வெச்ச தீ, அவர் கையைச் சுட்டுட்டு அணைஞ்சுபோச்சு. மறுநாள் அவரால பெட்ரோல் டின்னைத் தூக்க முடியலை."

படம் அவள் மடியில் நழுவியது.

"நான்தான் தூக்கிட்டுப் போனேன்."