வலது மூலை: முனியசாமி (ஜுபைல்)

சவுதியில ஜுபைல் லேபர் கேம்ப்ல பதினாலாம் நம்பர் ரூம்ல இருந்த முனியசாமி உடம்புல 2001-லேர்ந்து செம்மண் ஒட்ட ஆரம்பிச்சுது. அவரு சொந்த ஊரு தூத்துக்குடி மாவட்டம் ஆலந்தேரி. அந்த ஊர் டீம் எப்பல்லாம் கபடி ஆடுதோ அப்பல்லாம் ஒட்டும். நம்ம டீமுக்குப் பாயிண்ட் விழுந்தா முட்டியில, எதிராளிக்கு விழுந்தா முதுகுல. முதல் தடவை மெஸ்ல குப்பூஸ் ரொட்டி தின்னுட்டு இருக்கும்போது முதுகு முழுக்க அப்பிடுச்சு. சாயந்தரம் போன் போட்டா, முப்பத்தொண்ணுக்குப் பன்னெண்டுன்னு தோத்திருந்தாங்க. அதுக்கப்புறம் ஸ்கோர் கேக்க அவரு போன் கார்டு வாங்கினதில்ல. ரூம்ல கூட இருந்த காயல்பட்டினம் கௌஸ் முகைதீன் சட்டையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிடுவாரு: "இன்னைக்கும் முதுகுதான் வே."

கேம்ப் பாஸ் லுக்மான் பாய் ஒரு தடவை வந்து பார்த்தாரு. சுவத்துல ஓட்டை இல்ல, கூரையில விரிசல் இல்ல. ரிஜிஸ்டர்ல 'ரூம் 14, செம்மண், ரிப்பேர் வேண்டாம்'னு எழுதிட்டுப் போயிட்டாரு. கூட்டின மண்ணை பாத்ரூமுக்குப் பின்னால கொட்டினாங்க.

முனியசாமி அஞ்சாம் வகுப்புலேர்ந்தே ஆலந்தேரி டீம் பைத்தியம். எந்த ஊர்ல மேட்ச்னாலும் சைக்கிளை மிதிச்சுப் போய், தொண்டை கட்டுற வரைக்கும் கத்துவாரு. ஆனா ஒரு நாள் கூட அவரை உள்ள இறக்கினதில்ல. பாடிப் போனா நாலாவது 'கபடி'யிலயே மூச்சு நின்னுடும். சவுதியில சாரம் கட்டுற வேலைக்கு வந்தப்புறம் வருஷா வருஷம் டீமுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தாரு. பொங்கல் நோட்டீஸ்ல கடைசி வரியில, பொடி எழுத்துல, 'அன்பளிப்பு: முனியசாமி (ஜுபைல்)'னு போடுவாங்க. ஆடுறவங்க பேரு மேல பெருசா இருக்கும். அதைக் கட்டிலுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சு, மேல இருக்குற பேரையே பார்த்துட்டுக் கிடப்பாரு.

ஏழு வருஷத்துல ஆலந்தேரியில ஆடுறவங்க பாதிப் பேரு கல்ஃபுக்கு வந்துட்டாங்க. 2008 பொங்கல் போட்டிக்கு மிச்சம் ஆறு பேர்தான். ஏழு பேரு இல்லாட்டி டீமைச் சேர்க்க மாட்டாங்கன்னு கேப்டன் மணிகண்டன் ஏழாவதா முனியசாமி பேரை எழுதிட்டான். "எண்ணே, சும்மா பேருக்குத்தான். கோவிச்சுக்காதிய," ன்னான் போன்ல. முனியசாமி போனை வச்சுட்டு நேரா பாத்ரூமுக்குப் பின்னால போனாரு. ஏழு வருஷ மண்ணு. ரூம்காரங்கல்லாம் சேர்ந்து பரப்பிக் கோடு போட்டா, சரியா ஒரு கபடிக் களத்துக்கு இருந்துச்சு. ஒரு சட்டி கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

ஆறு பேரை வச்சுக்கிட்டே ஆலந்தேரி ஃபைனலுக்கு வந்துடுச்சு. எதிர்ல பனையடி ஊர் டீம். அன்னைக்கு வெள்ளிக்கிழமை, கேம்ப்ல லீவு. முனியசாமி லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு, வலது மூலையில குனிஞ்சு நின்னாரு. கௌஸ் போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சிருந்தாரு. அந்தப் பக்கம் மைதானத்து ஓரத்துல நின்னு முனியசாமி பொண்டாட்டி ஜோதிமணி கத்திட்டு இருந்தா.

"அத்தான், சமமா நிக்குது! இதான் கடைசி ரெய்டு. பனையடிக்காரன் பாடி வாரான். நம்ம வலது மூலை காலியாக் கிடக்குன்னு அங்கயே வாரான்!"

"காலியா இல்லடி," ன்னுட்டு முனியசாமி பாஞ்சாரு. கைக்குள்ள ஒரு கணுக்கால் வந்துச்சு, சூடா, வேர்வையோட. ஏழு வருஷம் சாரத்துல பைப்பைப் பிடிச்ச கை, விடல. அந்தக் கால் அவரைத் தரதரன்னு இழுத்துச்சு. கௌஸ் போனைக் கீழ போட்டுட்டு அவரு இடுப்பைக் கட்டிப் பிடிச்சாரு.

ஆலந்தேரியில பனையடிக்காரன் நடுக்கோட்டுக்கு நாலு விரக்கடை முன்னால குப்புற விழுந்தான். பக்கத்துல ஆள் இல்ல. கணுக்கால்ல அஞ்சு விரல் தடம், அதுல வெளுத்த பாலைவன மணல். ரெஃப்ரி மணலைத் தேய்ச்சுப் பார்த்தாரு, லிஸ்ட்ல ஏழாவது பேரை வாசிச்சாரு. ஆள் கோட்டுக்குள்ள நிக்கணும்னுதான் ரூல், எந்த நாட்டுக் கோடுன்னு போடலைன்னு சொல்லி ஆலந்தேரிக்கு விசில் ஊதினாரு. பனையடிக்காரங்களும் கொஞ்ச நேரம் சண்டை போட்டுட்டு, பிடி நல்ல பிடின்னு ஒத்துக்கிட்டாங்க.

அடுத்த வருஷ நோட்டீஸ்ல 'வலது மூலை: முனியசாமி (ஜுபைல்)'னு மேல, பெரிய எழுத்துல வந்துச்சு. ஏழாம் நம்பர் பனியனை ஊருல யாரும் போடுறதில்ல, கொடியிலதான் தொங்கும். மேட்ச் முடிஞ்சா வேர்வையில சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். ஜோதிமணி மணலை உதறி, துவைச்சு, திரும்பக் காயப் போடுவா. போன்ல அவளுக்கு ஒரே ஒரு குறைதான்: "அத்தான், வீட்டுல இருந்தப்ப கூட நீங்க இவ்வளவு சோப்பு செலவு வைக்கல."