அழுத்தாத பென்சில்

அக்கா பென்சிலில் டிசைன் போடுவாள். தங்கை அதன்மேல் மை ஓட்டுவாள். மை காய்ந்ததும் பென்சில் கோட்டை ரப்பரால் துடைத்துவிடுவாள். படுக்கைவிரிப்புக் கம்பெனியில் முப்பது வருஷமாக இருவருக்கும் இதுதான் பிழைப்பு. விரிப்பின் ஓரம் சுற்றி ஓடும் கொடி, இலை, குருவி எல்லாம் இவர்கள் கையிலிருந்து போனவைதான்.

அக்காவுக்கு வாய் ஓயாது. தாளின் ஓரத்திலும் பேசுவாள். ‘அவசரக்குடுக்கை, மூலை திரும்பும்போது மூச்சைப் பிடி.’ ‘இந்த இலையைக் கெடுத்தே, கையை ஒடிச்சிடுவேன்.’ தங்கை சிரித்துக்கொண்டே கோட்டோடு வசவையும் துடைப்பாள்.

அக்கா செத்து இருபது நாள். அவள் போட்டதில் மை ஓட்டாத தாள் ஒன்றே ஒன்று மிச்சம்.

“பாப்பா, அதை எனக்குக் குடுத்துடு,” என்று அத்தான் கேட்டிருந்தார். “எல்லாத்தையும் போன்லயே பேசித் தீர்த்துட்டா. அவ எழுத்துன்னு வீட்ல ஒரு துண்டுச்சீட்டுகூட இல்ல.”

மேனேஜரும் சரி என்றுவிட்டார். “மை போட்டுக் குடுங்கம்மா. படம் பிடிச்சதும் தாள் உங்களுக்குத்தான். ஓரத்துல இருக்கிறதைத் தொடாதீங்க.”

காலையிலிருந்து மை ஓட்டினாள். ‘குருவிக்குக் கண்ணு வை, குருடாக்கிடாதே,’ என்றது தாள். “வைக்கிறேன்டி, தொணதொணக்காதே,” என்றாள் தங்கை. கடைசி மூலையில், ‘அந்த மனுஷன் மாத்திரையை மறந்துடுவார். நீதான் கேக்கணும், கேட்டியா?’ “கேக்கறேன், கேக்கறேன்.” பதில் சொல்லிக்கொண்டே மை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தாள். கை தன் பாட்டுக்கு ரப்பரை எடுத்தது. தூளை ஊதியபோதுதான் உறைத்தது. ஓரம் நான்கும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

சாயங்காலம் அத்தான் வந்தார். விஷயத்தைச் சொன்னாள். திட்டுவார் என்று நின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“தடமாவது இருக்கும், பாப்பா.”

“இருக்காது அத்தான். அழுத்தினா ரப்பருக்குப் போகாதுன்னு எனக்குச் சொன்னதே அவதான். பட்டும் படாமத்தான் எழுதுவா.”

“என்னைப் பத்தி எதாவது இருந்துச்சா?”

சொன்னாள்.

“எங்க?”

விரலால் காட்டினாள். அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லு. அவ சொல்ற மாதிரியே சொல்லு.”

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

“இல்ல பாப்பா. அவ இப்படிச் சொல்லமாட்டா.”