மிச்சமிருந்த மூன்று பாட்டு

சுகுமாறன் பாடுவது காருக்குள்தான். கிள்ளானில் அவர் இருக்கும் அடுக்குமாடியில் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். அதனால் வேலை முடிந்து வந்ததும் கார் பார்க்கிலேயே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைத்து, கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பாடுவார். ஏர்கோன் போட்டால் அதன் இரைச்சலும் போனில் பதிந்துவிடும். ஒரு பாட்டு முடிவதற்குள் சட்டை தொப்பலாகிவிடும்.

வயது ஐம்பத்து நான்கு. போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் யார்டில் லோரிகளை எடைபோட்டு உள்ளே விடும் வேலை. மனைவி பிரிந்துபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் நம்பர்கள்: லோரி நம்பர், கண்டெய்னர் நம்பர், எடை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது.

போனில் அந்தப் பாட்டு ஆப்பை இறக்கிக்கொடுத்தது யார்டில் வேலை செய்யும் நாகையா. ஜோடிப் பாட்டில் ஒருவர் தன் பங்கைப் பாடிப் போட்டுவைப்பார். இன்னொருவர் எந்த ஊரிலிருந்தோ மற்ற பங்கைப் பாடிச் சேர்ப்பார். கேட்பவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே மைக்கின் முன்னால் நின்றதுபோல் இருக்கும். சுகுமாறன் தானாக ஒரு பாட்டையும் தொடங்கியதில்லை. யாரும் சேராமல் அது அப்படியே கிடந்தால் பார்க்கச் சகிக்காது என்று ஒரு கூச்சம். காஜாங்கிலிருந்து பாடும் அமுதவள்ளி தொடங்கிய பாட்டுகளில்தான் சேர்வார். இரண்டு வருஷத்தில் நூற்று இருபதுக்கும் மேல் ஆகிவிட்டது. அவள் எங்கே மூச்சு விடுவாள், எந்த இடத்தில் சொல்லை லேசாக இழுப்பாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முகம் தெரியாது. அவள் படத்துக்குப் பதிலாக ஒரு செம்பருத்திப் பூ வைத்திருந்தாள்.

எழுதிக்கொள்வதும் குறைவுதான். "இன்னிக்கு ரெண்டாவது சரணம் நல்லா வந்துச்சு" என்று ஒரு வரி, அதற்கு ஒரு நன்றி. இருவரும் அண்ணன், சிஸ்டர் என்று எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. அது தானாக அப்படி அமைந்துவிட்டது. சுகுமாறன் அதை மாற்ற விரும்பவில்லை.

அந்த ஆப்பில் இவர்களுடைய பாட்டுக் குழுவை நடத்தும் ஜெயராஜ் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்பவர். எல்லாரும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். ஒரு ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடி. சுகுமாறன் புதுச்சட்டை வாங்கி, அதை ஒருமுறை துவைத்து, கொமுட்டர் ரயில் ஏறிப் போனார். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ஆப்பில் உள்ள பெயரை எழுதி ஆளுக்கொரு அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார் ஜெயராஜ்.

"கிள்ளான் சுகு நீங்கதானா? குரலக் கேட்டு ஆளு நல்லா உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன் லா" என்றார்.

சுகுமாறன் சிரித்துவைத்தார். மூலையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தார். எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், எந்த மைக் நல்ல மைக் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு வாசல்படியின் மேல்தான் கண்.

நீலப் புடவையில் ஒல்லியான ஒரு பெண் வந்தாள். கழுத்தில் மெல்லிய சால்வை. நேராக அவர் எதிரில் வந்து, அட்டையைப் படித்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுடைய அட்டையில் அமுதவள்ளி என்றிருந்தது.

"ரொம்ப நேரமாச்சா வந்து?"

சொல் வந்தது, குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்த சுகுமாறன், "சளியா? சுடுதண்ணி சொல்லவா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். சால்வையைக் கொஞ்சம் தளர்த்தினாள். கழுத்தின் அடியில் குறுக்காக ஒரு தழும்பு.

"தைராய்டுல கட்டி. ஆபரேஷன் பண்ணா குரல் போனாலும் போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. போயிருச்சு. ஒம்பது மாசமாச்சு."

சுகுமாறனுக்குக் கணக்கு இடித்தது. "போன வாரம்கூட பாட்டு போட்டீங்களே."

"ஆபரேஷனுக்கு ஒரு மாசம் டைம் இருந்துச்சு. மக வேலைக்குப் போனதும் உக்காந்து பாடுவேன். நாப்பத்தி ரெண்டு பாட்டு. என் பங்க மட்டும் பதிஞ்சு வச்சுக்கிட்டேன். வாரத்துக்கு ஒண்ணா விட்டுக்கிட்டு இருக்கேன்."

இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவளால் இவ்வளவும் சொல்ல முடிந்தது. முன்னால் போட்டிருந்த சின்ன மேடையில் யாரோ பாடத் தொடங்கிவிட்டதால் அவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது மாதமாக அவர் காருக்குள் வியர்த்துக் கொட்டிப் பாடிச் சேர்த்ததெல்லாம் இல்லாமல்போன ஒரு குரலோடு. ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அது நியாயமில்லை என்றும் தோன்றியது.

"அடுத்து நம்ம ஹிட் ஜோடி" என்று ஜெயராஜ் மைக்கில் அறிவித்தார். "கிள்ளான் சுகு, காஜாங் அமுதா. வாங்க ரெண்டு பேரும்."

எல்லாரும் திரும்பிக் கைதட்டினார்கள். அமுதவள்ளி மடியில் இருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சுகுமாறன் எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஜெயராஜ். எனக்குத் தொண்ட சுத்தமா சரியில்ல. நான் இல்லாம அவங்க மட்டும் எப்படிப் பாடுவாங்க?"

"என்னண்ணே, இதுக்காகத்தானே எல்லாரும் வந்திருக்கோம்."

"இன்னிக்கு முடியாது. விட்டுடுங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. கிள்ளான் சுகுவுக்கு மேடை பயம் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அவர் உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஜோடி எழுந்துபோயிற்று.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் சேர்ந்தே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். கீழே பிளாட்பாரத்தில் காஜாங் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்தார்கள்.

"இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

"மூணு. ரெண்டுதான் போடுவேன். கடைசி ஒண்ணு வார்டுக்குப் போற அன்னிக்குக் காலையில பாடுனது. அதப் போட மனசு வரல."

கைப்பையிலிருந்து போனையும் இயர்போனையும் எடுத்தாள். அவர் கேட்காமலே நீட்டினாள்.

அவர் இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். இசை தொடங்கியது, பிறகு அவள் வந்தாள். முழுக்குரல், மூச்சு விடும் இடங்கள், சொல்லை இழுக்கும் அந்தப் பழக்கம், எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் அவள் வாய்மூடித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண் குரலுக்கான வரிகளில் வெறும் இசை ஓடியது. அங்கே அவர் பாடவில்லை. சுற்றிலும் ஆள்கள். நடுவில் கிள்ளான் ரயில் வந்து நின்று, கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது.

இயர்போனைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். "நல்லா இருக்கு" என்றார்.

"ரயில விட்டுட்டீங்களே."

"அரை மணி நேரத்துல இன்னொண்ணு வரும்."

அவள் ரயில் வந்தது. எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டாள். "போய்ட்டு வரேன் அண்ணே" என்றாள்.

முதல் முறையாக அவரை அவள் ஒரு முறைவைத்துக் கூப்பிட்டிருந்தாள். சுகுமாறன் தலையசைத்தார். "பாத்துப் போம்மா" என்றார். அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னதுபோலவே அடுத்த இரண்டு ஞாயிறுகளில் இரண்டு பாட்டு வந்தன. இரண்டிலும் சேர்ந்தார். மூன்றாவது ஞாயிறு எதுவும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் பகல் பூராவும் போனைத் திறந்து திறந்து பார்த்தார். யார்டில் அந்த வாரம் இரண்டு லோரிகளின் எடையை மாற்றி எழுதிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினார்.

ஒரு மாதம் கழித்து முதன்முதலாகத் தானே ஒரு பாட்டைத் தொடங்கிப் போட்டார். பன்னிரண்டு நாள் யாரும் சேரவில்லை. பதின்மூன்றாம் நாள் சுங்கை வேயிலிருந்து உஷாராணி என்று ஒருவர் சேர்ந்திருந்தார். நல்ல குரல், தாளமும் பிசகவில்லை. மரியாதைக்கு ஒரு நன்றி எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் அமுதவள்ளியிடமிருந்து செய்தி வந்தது. "ரெண்டாவது சரணத்துல இன்னும் நான் இழுப்பேன்னு காத்திருக்கீங்க. காத்திருக்காதீங்க. நேரா பாடுங்க."

அவள் கேட்டிருக்கிறாள். சுகுமாறன் பதில் எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி எழுதினார். கடைசியில் "சரிம்மா" என்று மட்டும் அனுப்பிவிட்டு, நாளைக்குப் போட வேண்டிய யூனிஃபார்மைத் தேய்க்க எழுந்துபோனார்.