அசனத்துக்காகக் கழுவிய மணல்

ஜெமிமாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாயர்புரத்துக்குப் பக்கத்து ஊரின் குடிநீர் நிலையத்துக்குப் பொறியாளர் அவள். பயிற்சிக்கு மதுரை போய்விட்டு வந்து பார்த்தால், வடிகட்டித் தொட்டியின் மணல் வெள்ளைவெளேரென்று பல்லை இளிக்கிறது. மேலே படிந்திருந்த பழுப்புப் படலத்தைக் காணோம். குளத்துத் தண்ணீரோடு வரும் கிருமிகளைத் தின்று தீர்ப்பதே அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான். குளோரின் கலக்கும் இயந்திரம் வேறு பழுது. ஊர் அந்தப் படலத்தை நம்பித்தான் குடித்துக்கொண்டிருந்தது.

செய்தவர் மாமனார் ஜெபசீலன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேதக்கோயில் அசனக் கமிட்டித் தலைவர். அசனம் என்று ஊரே கூடிச் சாப்பிடும் விருந்துக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டுமாம். வீட்டில் மாட்டியிருந்த நிலையத்துச் சாவியை எடுத்துப் போய், ஆள் விட்டுச் சுரண்டி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார். யாரைக் கேட்டார்? மருமகள் படித்த படிப்பு கல்யாணப் பத்திரிகையில் போடத்தான் போலிருக்கிறது.

வால்வை அடைத்துவிட்டு நேரே கோயில் வளாகத்துக்குப் போனாள். கிடாரங்களில் கறி கொதித்தது. பந்திக்குப் பக்கத்தில் டிரம்களில் அந்தத் தொட்டியிலிருந்து பிடித்த குடிதண்ணீர் நிரம்பியிருந்தது.

"மாமா, இந்தத் தண்ணிய யாருக்கும் குடுக்காதீங்க. லாரித் தண்ணி சொல்லுங்க."

"ஏளா, பாசியும் பிசுக்குமாக் கெடந்துச்சு. அதுல வார தண்ணியவா சனங்களுக்குக் குடுக்கது? இப்பப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. ப்ளீச்சிங் போட்ட எடத்துல எந்தக் கிருமி இருக்கும்?"

"நீங்க போட்டது நல்ல கிருமியக் கொன்னுட்டு, கழுவின தண்ணியோட போயிட்டு. இனிமே குளத்துல இருந்து வார கிருமியத் திங்க அங்கன ஒண்ணும் இல்ல. சோறு கொதிக்கும், சரி. குடிக்கது?"

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஜெபசீலனுக்கு முகம் சிவந்தது. ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு என்ன வந்துட்டு? சபைக்கு முன்னால மாமனாரக் கேவலப்படுத்தணும், அதானே?"

யாரோ சிரித்தார்கள். ஜெமிமா டிரம்முக்குப் பக்கத்தில் போனாள். இன்னொரு டம்ளர் மொண்டாள். அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்ற தன் மகள் பெனிஷாவைக் காட்டினாள். மூன்று வயது.

"இத உங்க பேத்திக்கு உங்க கையால குடுங்க. அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கல."

கொடுத்திருந்தால் தட்டிவிட்டிருப்பாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

ஜெபசீலன் டம்ளரை வாங்கினார். "தாத்தா, தண்ணி" என்று குழந்தை கையை நீட்டியது. அவர் டம்ளரைப் பார்த்தார், தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது. குழந்தை மறுபடியும் கேட்டது. அவர் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"லாரிக்குச் சொல்லுங்கலே" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.