உறைத் துணி

மூன்றாவது சட்டியும் உடைந்துபோனது. சட்டி அல்ல, உள்ளே இருந்த தயிர். கிண்ணியாத் துறையில், ஆட்களை அக்கரை சேர்க்கிற மிதவைப் பாதையை விட்டு இறங்கி, சட்டியின் வாயில் கட்டியிருந்த வாழை இலையை அவிழ்த்துப் பார்த்தாள் றுக்கியா. வெட்டி எடுக்கிற மாதிரி இருந்த எருமைத் தயிர் துண்டு துண்டாகித் தண்ணீரில் மிதந்தது. மோந்து பார்த்தவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டுத் தொண்டியில் வாழ்க்கைப்பட்ட, கூடப் பிறந்த ராத்தா நஜ்முன் நிஸாவைப் பார்த்து இருபத்திரண்டு வருஷம். "சாமான் ஒண்டும் வேணாம். ஏலுமெண்டா நம்மட ஊர்த் தயிர் ஒரு சட்டி கொண்டு வா" என்று ராத்தா எழுதியிருந்தாள். மற்றக் கடிதங்களில் ராத்தாவின் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே மாறிப்போயிருந்தது. 'நல்லா இருக்கீகளா' என்று வாசிக்கும்போது யாரோ வேற்று மனுசி கேட்பது போல இருக்கும். இந்த ஒரு வரியில்தான், தலையில் குட்டிக் குட்டிப் பேன் பார்த்துவிட்ட அந்த ராத்தா இருந்தாள். அவ்வளவு தூரம் போய் இறங்கி, இரண்டு பேரும் கதைக்க ஒன்றுமில்லாமல் விருந்தாளிகள் போல முகம் பார்த்துக்கொண்டிருந்தால்? அந்தப் பயம்தான் அவளைச் சட்டியோடு அலைய வைத்தது. பயணம் இரண்டு நாள். அதனால் இரண்டிரண்டு நாளாக, பாதையில் துறையின் அக்கரைக்கும் இக்கரைக்கும் தயிரைக் கொண்டு திரிந்து பழக்கிப் பார்த்தாள்.

பாதையில் சீட்டுக் கிழிக்கிற பக்கீர் விடுவாரா?

"என்ன றுக்கியா, தயிருக்கும் பாஸ்போட் எடுத்தாச்சா?"

"எடுக்கத்தான் போறன் காக்கா. அதுக்கு மொகமில்ல, ஒங்கட போட்டோவத் தாங்க."

பாதை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டியை வேலியோரம் கவிழ்த்தபோது அழுகை வரப் பார்த்தது.

பால் கொண்டு வந்த கட்டைபறிச்சான் ஊர்த் தங்கமுத்து அதைக் கண்டுவிட்டாள். எருமைப் பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"உனக்கென்ன விசரா புள்ள? தயிரை ஏன் சுமக்கிறாய்? பாலுக்கு ஊத்துற உறையைக் கொண்டு போ."

"அதுவும் புளிச்சுப் போகுமே அக்கா."

"கதிர்காமத்துக்கு நடந்து போகேக்க எங்கட அம்மா துணியிலதான் கொண்டு போனவ. வெள்ளைத் துணியத் தயிரில தோய்ச்சு நிழல்ல காயப் போடு. போன இடத்தில ஒரு துண்டைக் கிழிச்சு இளஞ்சூட்டுப் பாலில போடு. உறையும்."

தொண்டியில் எருமைப் பால் கிடைக்குமோ என்னவோ. றுக்கியா ஒரு துணியைத் தோய்த்துக் காயவைத்து, பசுப்பாலிலேயே சோதித்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்த புருசன் ஸெய்னுதீன், அவள் தடுப்பதற்குள் சட்டியைச் சரித்தார். தயிர் வழுக்கி அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. நக்கிப் பார்த்தார்.

"இளக்கந்தான் புள்ள. ஆனா நம்மட தயிர்தான்."

அவளும் அவர் கையிலிருந்தே வழித்து நாக்கில் வைத்தாள். புளிப்பு ஊர்ப் புளிப்பு. கட்டிதான் இல்லை. ராத்தா ஒரு வாய் வைத்ததுமே, "என்னடி இது, தண்ணி மாதிரி?" என்று தொடங்குவாள். குறை சொல்லத் தொடங்கினால் அவளை நிறுத்த ஏலாது. தயிரில் தொடங்கி, றுக்கியாவின் மெலிவு, ஸெய்னுதீனின் நரை, உம்மாவின் குசினி அடுப்பு என்று போய்க்கொண்டே இருப்பாள்.

"ஏன் சிரிக்கிறாய்?" என்றார் ஸெய்னுதீன்.

"ஒண்டுமில்ல. நீங்க கையக் கழுவுங்க."

அன்று பகல் இன்னொரு முழத் துணியைத் தோய்த்து, முருங்கை மர நிழலில் கொடி கட்டி விரித்தாள். காகங்கள் மணம் பிடித்து வேலியில் வந்து குந்தின. றுக்கியா காகம் விரட்ட ஈர்க்கில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குடாவிலிருந்து காற்று ஏறி வந்தது. துணி மெல்ல மெல்ல விறைத்து, பப்படம் போல ஓசைப்படத் தொடங்கியது.