பாதிப் போத்தல் தண்ணீர்

மேல்மலையில் பகல் நேரத் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பவுலின் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவை நோக்கி வேகமாக இறங்கினாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகள் அங்கேதான் இருந்தன. அவளுடைய ஏஞ்சலாவுக்கு ஐந்து மாதம். மாதம் குறைந்து பிறந்தவள்.

"பனிக் காலம். சளி பரவுது. சவுக்காரம் போட்டுக் கை கழுவாம பிள்ளையத் தொடாதீங்க" என்று மருத்துவமாது சொல்லியிருந்தார்.

மலையில் குழாய் கிடையாது. பிள்ளைக்காம்பராக் குழாய் உடைந்தும் மூன்று வாரம். காலையில் கொண்டுபோகும் ஒரு போத்தல் தண்ணீரில் பாதியைப் பவுலின் குடிக்காமல் மிச்சம் பிடிப்பாள். தொண்டை வறண்டாலும் மூடியைத் திறக்கமாட்டாள். வாசலில் குந்தி, துணியில் முடிந்துவந்த சவுக்காரத் துண்டால் விரல் விரலாகக் கழுவுவாள். குளிரில் விரல்கள் விறைத்துப்போகும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராசம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "நீ ஒருத்தி கழுவி என்னாடி செய்ய? பதினோரு புள்ளைக்கும் நான் ஒருத்தி. பீத்துணி அலசக்கூட கீழ ஓடைக்கு ஓடணும்."

"கொழாயப் பத்தி மேப்பார்வ கண்டாக்கையாகிட்ட சொன்னீங்களாக்கா?"

"மூணு தடவ சொல்லிட்டேன். தோட்டத்துத் தொரைக்கு எழுதியிருக்காராம்."

அன்று மாலையே ஏஞ்சலா இருமினாள். மூன்றாம் நாள் மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கியது. பவுலினின் புருஷன் றிச்சர்ட் ஆட்டோ பிடித்து வந்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோனார்கள். பின்னாலேயே நுழையப்போன பவுலினைச் சிங்களத் தாதி தடுத்தாள். நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது.

"அத ஹோதன்ன" என்று சிங்களத்தில் கை கழுவச் சொல்லித் தொட்டியைக் காட்டினாள்.

பவுலின் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். தாதி முகம் சுளித்துத் தமிழுக்கு மாறினாள். "இன்னும் ஊத்தை. இந்தக் கையால தொட்டுத்தான் பிள்ளைக்கு இந்தச் சளி வருத்தம்."

"ஊத்தை இல்லீங்க மிஸ். கொழுந்துக் கறைங்க. போகாதுங்க."

தாதி அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

பவுலின் திரும்பவும் குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. நுரை போட்டுப் போட்டுத் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள். பெருவிரலில் தோல் பிய்ந்து எரிந்தது. உள்ளே இருமல் சத்தம் நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. தாதி இம்முறை கைகளைப் பார்க்கவில்லை.

"போதும் அம்மா, வாங்க. பிள்ளை... பிள்ளை இல்ல."

பவுலின் குழாயை மூடாமல் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சந்தாங்க மிஸ். இப்ப போயிரும்."